அடுத்த ஐப்பசிக்கு யார் ஏறுவார்?

2003இல் பிபிசி ‘ரெஸ்டோரேஷன்’ என்றொரு தொடர் போட்டது. பாழடைந்த கட்டடங்களைக் காட்டுவார்கள். எதைக் காப்பாற்றுவது என்று பார்வையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். மான்செஸ்டரில் 1906இல் திறந்த விக்டோரியா பாத்ஸ் என்ற நீச்சல்குளக் கட்டடம் ஜெயித்தது. இருபது வருஷம் கழித்தும் அங்கே வேலை முடிந்தபாடில்லை. நிகழ்ச்சி என்னவோ அன்றைக்கே முடிந்துவிட்டது.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறவன்தான் நான். ஆனால் கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீடுகளை நினைத்தால் இடிக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், ஊஞ்சல் எல்லாம் கேமராவுக்குத் தோதானவை. நாட்டு ஓடு அப்படியில்லை; ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்து, உடைந்ததை மாத்தி, திரும்ப அடுக்கணும். (குரங்கு ஒரு தடவை ஓடினால் போச்சு!) அந்தக் கூலி கட்டுப்படியாகாமல் ஒழுக விட்டு விழுந்த வீடுகள் எத்தனையோ. புதுப்பித்த கூடத்தில் விளக்கேற்றும் கடைசிக் காட்சியில், அடுத்த வருஷம் கூரையில் ஏறப்போவது யார் என்று எந்தத் தொகுப்பாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை.