செப்புத் தகட்டில் போர்க்களம்

போரைக் கறுப்பு மையில் அச்சிட்ட ஐரோப்பிய ஓவியர்களை, களத்தை எங்கே நின்று பார்த்தார்கள் என்பதை வைத்தே தரம் பிரிக்க வேண்டும்.

மேலிருந்து பார்த்தவர்களில் தலையாயவர் லொரைன் நாட்டு ஜாக் கலோ. 1625-ல் ஸ்பானியப் படை பிரெடா நகரைப் பிடித்ததைக் கொண்டாட, இளவரசி இசபெல்லாவுக்காக முற்றுகை முழுவதையும் ஆறு தகடுகளில் வரைந்தார். தாள்களை ஒட்டினால் ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். நகரமும் அகழிகளும் நிலப்படமாக விரிய, அடியில் சிப்பாய்கள் சின்னஞ்சிறு உருவங்களாக நடமாடுகிறார்கள். வென்ற அரசுகளுக்கு இந்தப் பார்வை பிடித்துப்போனது. சீனப் பேரரசர் சியன்லாங் தம் மத்திய ஆசிய வெற்றிகளை 16 தகடுகளாகப் பாரிசில் செதுக்கவைத்தார்.

அதே கலோதான் 1633-ல் 'போரின் அவலங்கள்' என்ற 18 சிறு தகடுகளையும் வெளியிட்டார். ஒன்றில், ஒரே மரத்தில் கொத்துக்கொத்தாகத் தூக்கிலிடப்பட்ட சிப்பாய்கள். லூட் வாத்தியம் செய்வோர் பூசும் கெட்டி வார்னிஷைத் தகட்டில் தடவி, முனை சாய்த்த ஊசியால் கீறுவார். அமிலம் அரித்ததும் கோடு ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடிக்கும். அத்தனை சிறிய உருவத்துக்கும் உயிர் வருவது அதனால்தான்.

ஸ்பானிய ஓவியர் கோயா களத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். நெப்போலியன் படை ஸ்பெயினில் நடத்திய போரைப் பற்றி 1810-ல் தொடங்கிய வரிசையின் 26-ஆம் தகட்டில் ஆண்களும் பெண்களும் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்கள். வலது ஓரத்தில் துப்பாக்கி முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுடுபவன் படத்தில் இல்லை. கொல்பவனுக்கு முகம் தராத இந்தத் துணிச்சலை மிஞ்சிய போர்ப்படம் வேறில்லை என்றே சொல்லலாம்.

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் வரைந்தது 1524-25-ல் ஜெர்மானிய விவசாயிகள் நடத்திய கிளர்ச்சி. அதன் 'போர்க்களம்' தகட்டில் (1907) சண்டை ஓய்ந்துவிட்டது. இருட்டில் ஒரு தாய் விளக்குடன் குனிந்து, பிணங்களுக்கிடையே மகனைத் தேடுகிறாள். அவள் கையிலும் ஒரு இளைஞனின் முகத்திலும் மட்டுமே வெளிச்சம். மற்ற உடல்கள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. மட்டமான மறுபதிப்பில் அந்த உடல்களே தெரியாது.

அச்சின் தரத்தையும் அதனால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கோயாவின் 80 தகடுகள், அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863-ல்தான் நூலாக வெளிவந்தன. 1937 வரை ஏழு பதிப்புகள் கண்டன. தகடு தேயத் தேய முதலில் போவது, நிழல் சாயல்களைத் தரும் அக்வாடின்ட் என்ற அரிப்பு முறையின் மென்சாம்பல். ஆகவே கோயாவை எடைபோட விரும்புகிறவர்கள் முடிந்தவரை ஆரம்பகாலப் பிரதிகளையே தேடிப் பார்ப்பது நல்லது.