கோடு போட்டுக் காட்டியவர்

ஐ.பி.எம். நிறுவனத்தின் லோகோ எங்கும் கண்ணில் படுவது. அதனாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1956-இல் முதலில் வரைந்தபோது அதில் கோடுகள் கிடையாது. கியோர்க் ட்ரம்ப்பின் ‘சிட்டி’ எழுத்துருவை ஒட்டி அமைந்த கனத்த எழுத்துகள். ‘பி’யின் வயிற்றில் இரண்டு சதுர ஓட்டைகள். மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் ‘ஐ’ ஒல்லி, ‘பி’ அகலம், ‘எம்’ அதைவிட அகலம். மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. 1972-இல் மூன்றையும் எட்டுக் கிடைக்கோடுகளாக அறுத்தார். ஒரே சீரான இடைவெளி மூன்றின் ஊடாகவும் ஓடுவதால், நூல் கோத்ததுபோல எழுத்துகள் ஒன்றாகிவிட்டன. அலங்காரத்துக்காகப் போட்ட கோடு அதில் ஒன்றுகூட இல்லை.

அதே 1956-இல்தான் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் தொடங்கினார். 1914-இல் புரூக்ளினில் பிறந்தவர். இருபதுகளிலேயே ‘எஸ்குவயர்’ இதழின் கலை இயக்குநர். பிறகு விளம்பரத் துறை. வகுப்புக்கு வந்தபோது கையில் தொழில் இருந்தது. கடைசிவரை அதை விடவும் இல்லை. விளையாட்டுணர்வு பற்றி அவர் எழுதி 1965-இல் வெளியான கட்டுரையில் அவருடைய ஆசிரிய மனம் தெளிவாகத் தெரிகிறது: விதியும் எல்லையும் இருந்தால்தான் மாணவனுக்கு விளையாடத் தோன்றும், ‘இஷ்டம்போல் செய்’ என்றால் கை ஓடாது. ஏழே துண்டுகளில் எத்தனையோ உருவம் காட்டும் சீனத்து டேன்கிராமை அங்கே எடுத்துக்காட்டுகிறார்.

அவருடைய வேலைகளிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1940 டிசம்பர் ‘டைரக்‌ஷன்’ இதழின் அட்டை: வெள்ளைத் தளம், பரிசுப் பொட்டலத்தின் நாடாபோல் குறுக்கும் நெடுக்குமாக முள்கம்பி, ஆங்காங்கே சிவப்பு வட்டங்கள். ஐரோப்பா போரில் கிடந்த வருடத்தின் கிறிஸ்துமஸ் இதழ் அது. அந்த வட்டங்கள் அலுவலகத்தில் காகிதத்துக்குத் துளை போடும் கருவியால் வெட்டியவை. ரத்தத்தை வரைந்திருந்தால் இந்த நடுக்கம் வந்திருக்காது. 1961-இல் யு.பி.எஸ். நிறுவனத்துக்கு அவர் செய்த லோகோவிலும் கட்டிய பொட்டலம்தான். அங்கே கயிறு முடிச்சிட்டுச் சிரிக்கிறது. ஒரே வடிவம், இரண்டு உலகம். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வடிவமைப்புப் பாடம் எனக்குத் தெரியாது.

1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் ‘நெக்ஸ்ட்’ நிறுவனத்துக்கு லோகோ கேட்டார். கட்டணம் ஒரு லட்சம் டாலர். மாதிரி ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. அதைக் கொடுத்த விதம்தான் ராண்ட். ஒரு சிறுநூலாக அச்சிட்டு, பக்கம் பக்கமாகக் காரணம் சொல்லிக்கொண்டு போகிறார். பெயர் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டால் வெளியேறும் வழியைக் காட்டும் ‘எக்ஸிட்’ என்ற சொல்லோடு குழம்பும்; ஆகவே ‘இ’ மட்டும் சின்ன எழுத்து. அந்த ஒன்றின் வளைவு மற்ற மூன்றின் நேர்கோடுகளுக்கு நடுவே கண்ணை நிறுத்துகிறது. எழுத்துகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து, 28 பாகை சாய்ந்த ஒரு கனசதுரத்தின்மேல் ஏறுகின்றன. ராண்டின் வகுப்பில் உட்கார வாய்க்காதவர்கள் அந்தச் சிறுநூலைத் தேடிப் படிக்கலாம்.