கடல் கொண்டதா, நாம் கொண்டோமா?

கணியூர், மடத்துக்குளம், உடுமலை வட்டாரத்திலிருந்து ஆண்டுதோறும் ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி செல்வோர் பலர். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்கூடங்களில் உழைக்கும் நம் மக்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொள்கின்றனர். அன்னையின் ஆலயத்தை அடையுமுன் வண்டி பெரும்பாலும் நாகப்பட்டினத்தைக் கடக்கிறது. அந்நகரின் வடபுறத்தில் ஒரு பௌத்தத் துறவுமடத்தின் கோபுரம் 1867 வரை நின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறிந்தவர்களும் பெரும்பாலும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகச் சூடாமணி விகாரம் என்ற பெயரை மட்டுமே அறிந்திருப்பர். எனவே அந்நாவலோடு வேறு இரு எழுத்துகளையும் சேர்த்துப் படிப்பது பயனுடையது.

முதலாவது, ஆனைமங்கலச் செப்பேடுகள். லெய்டன் செப்பேடுகள் என்றும் இவை வழங்கும். கடாரத்தரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்த விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கியதை இவை பதிவு செய்கின்றன. கொடுத்தவன் சைவன், பெற்றது பௌத்த மடம், கட்டியவன் அயல்நாட்டான். எனினும் சமயப் பொறையைப் புகழ்ந்து ஒரு வரிகூட இவ்வாவணம் பேச முனைவதில்லை. பிடி யானையை நடத்தி எல்லை வகுத்ததையும், வரிகளையும் உரிமைகளையும் அடுக்கிச் செல்கிறது. அந்த வறண்ட கணக்கே அதன் மேன்மை. நல்லெண்ணம் அங்கே நிலமாகவும் நெல்லாகவும் மாறியிருக்கிறது.

இரண்டாவது, 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் நாவல். காய்ச்சலுற்ற அருள்மொழிவர்மருக்கு விகாரத்துப் பிக்ஷுக்கள் மருத்துவம் செய்கின்றனர். 'தியாகச் சிகரம்' என்னும் ஐந்தாம் பாகத்தில் கடல் பொங்குகிறது. புத்தர் சிலையின் பாதங்களைப் பற்றிக்கொண்டு உயிர்விடத் துணிந்த தலைமைப் பிக்ஷுவை இளவரசர் மீட்கிறார். நோயுற்ற சைவனைப் பௌத்தர் காக்க, மூழ்கும் பௌத்தரைச் சைவன் காக்கிறான். செப்பேடு சொல்லாமல் விட்ட மனித உறவை இக்காட்சி உயிர்ப்பிக்கிறது. நாவலின் சிறந்த பக்கங்களுள் இவையும் அடங்கும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நூலை மூடிய பின் வாசகர் நெஞ்சில் நிற்பது கடல்தான். விகாரம் என்றதும் அலையே நினைவுக்கு வருகிறது. இயற்கையின் சீற்றத்துக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கண்ணீர் விட்டு நகர்ந்துவிடலாம். கற்பனையின் பேரழகு இங்கே நம்மை எளிதில் விடுவித்துவிடுகிறது.

அவ்வாறு விடுவிக்காத எழுத்து மூன்றாவது. பிரித்தானிய அதிகாரியும் ஆய்வாளருமான சர் வால்டர் எலியட் 1846-இல் அக்கோபுரத்தை நேரில் கண்டார். அவரது கட்டுரை 1878-இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் வெளியாயிற்று. மாலுமிகள் 'சீனக் கோயில்' என்று அழைத்த இக்கட்டடத்தைச் சூடாமணி விகாரத்தோடு இணைத்துப் பார்ப்போர் பலர். சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்கள், மூன்று நிலைகள், மேல்தளம் பொருத்தப்பட்டிருந்த சுவடு, திறந்து கிடந்த உச்சி என்று எலியட் அளந்து எழுதுகிறார். அலங்காரமில்லாத நடை, ஆனால் இடிபாட்டை நம் கண்முன் நிறுத்துகிறது. அடுத்து வருவதே நம்மைச் சுடும் செய்தி. அங்கிருந்த இயேசு சபைக் குருக்கள், அதை இடித்துப் பொருள்களைத் தங்கள் கட்டடத்துக்குப் பயன்படுத்த 1859-இல் அரசிடம் அனுமதி கேட்டனர், 1867-இல் அனுமதி கிடைத்தது, கோபுரம் வீழ்ந்தது.

அவர்களைத் தூற்றுவது எளிது, நேர்மையன்று. 1844-இல் நாகையில் அவர்கள் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு மாறியது. அது தமிழகத்துக்குத் தந்த கல்விக்கொடை பெரிது. வழிபடுவோர் எவருமற்ற பாழடைந்த கட்டடம் அவர்கள் கண்ணுக்குச் செங்கற் குவியலாகவே தோன்றியிருக்கலாம். ஆனால் பாதங்களைப் பற்றிக்கொண்டு அழ ஒரு பிக்ஷு இல்லாததால் அந்த இடம் வெறும் இடமாகிவிடுமா? 1856 முதல் 1930-கள் வரை நாகையில் மண்ணுக்கடியிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கு நூற்றாண்டுகளாக வேண்டுதல் நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாயுள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. பௌத்தத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 1867-க்கும் 1965-க்கும் இடையே நாம் கடந்த தொலைவு பெரிது. எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை மறைத்துவிட்டால், கடந்த தொலைவையும் அளக்க இயலாது.

ஆகவே கல்கியை விரும்பிப் படிப்போம். அதனோடு எலியட்டின் குறிப்பையும் படிப்போம். நாகப்பட்டினத்தில் இன்று அக்கோபுரத்தின் இடிபாடுகூடக் காணக் கிடைக்காது. வேளாங்கண்ணிப் பயணத்தை நடத்தும் பங்குகள், வண்டி அவ்வூரைக் கடக்கும்போது செபமாலைக்கு இடையே ஐந்து நிமிடம் ஒதுக்கி, இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம். கடல்மேல் பழிபோடாமல் சொல்ல வேண்டும்.