காயமும் கானமும்

துன்பத்தின் மடியில்தான் கலை பிறக்கிறது என்னும் கூற்றை நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். பிறரிடம் சொல்லியும் வந்திருக்கிறோம். கேட்பதற்கு இனிய கூற்று, ஆனால் உண்மைதானா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை முன்வைத்து இக்கேள்வியை எழுப்பிப் பார்க்க விழைகிறோம். அவ்விசையைப் போற்றும் எவரும் இக்கூற்றைச் சொல்லாமல் விடுவது அரிது என்பதே காரணம்.

'சோல்' என்றால் ஆன்மா. கறுப்பின மக்களின் ஆலயங்களில் ஒலித்த நற்செய்திப் பாடல்களும், அன்றாட வாழ்வின் துயரைப் பாடிய புளூஸ் இசையும் 1950-களில் கலந்து உருவானது அது. பாடகர் ஒரு சொல்லை நீட்டியும் உடைத்தும் விம்மியும் பாட, உடன்பாடுவோர் மறுகுரல் கொடுப்பர். போதகரும் சபையாரும் ஆலயத்தில் ஒருவர்க்கொருவர் குரல்கொடுக்கும் முறையே இது. இறைவனை நோக்கி எழுந்த குரல் காதலரை நோக்கித் திரும்பியது. குரலின் ஏக்கம் மட்டும் மாறவில்லை.

மார்வின் கே அத்தகைய குரலுக்கு உரியவர். 1939-இல் வாஷிங்டன் நகரில் பிறந்த அவருடைய தந்தை, கடுமையான ஒழுங்குகளைக் கொண்ட ஒரு சிறிய பெந்தகோஸ்து சபையின் போதகர். அச்சபையில்தான் சிறுவன் பாடக் கற்றான். பாடக் கற்பித்த அதே வீட்டில், தந்தையின் கையால் ஓயாது அடிபட்டும் வளர்ந்தான். டேவிட் ரிட்ஸ் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இதனை விரிவாகப் பதிவு செய்கிறது.

டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி என்பவர், குடும்பத்தாரிடம் கடனாகப் பெற்ற 800 டாலரைக் கொண்டு 1959-இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் மார்வினைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. 1971-இல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பியின் அனுபவங்கள் மார்வினின் உள்ளத்தை உலுக்கியிருந்த காலம் அது. ஒன்பது பாடல்கள், ஏறத்தாழ 35 நிமிடங்கள். ஒரே மூச்சில் பாடிய மன்றாட்டைப் போல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிந்தோடுகின்றன. தலைப்புப் பாடலில் அவர் முதலில் தாயை அழைக்கிறார். அடுத்துச் சகோதரனை அழைக்கிறார். பின்னர் தந்தையை அழைத்து, மோதலை வளர்க்க வேண்டாம் என்று இறைஞ்சுகிறார்.

அதன்பின் 13 ஆண்டுகள் கழித்து, 1984 ஏப்ரல் முதல் நாள், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள குடும்ப இல்லத்தில், பெற்றோரிடையே எழுந்த சச்சரவில் தலையிட்ட மார்வினை அவருடைய தந்தை சுட்டுக் கொன்றார். அந்தத் துப்பாக்கி மகனே தந்தைக்கு வாங்கித் தந்த பரிசு. மறுநாள் மார்வினுக்கு 45-ஆம் பிறந்தநாள். வழக்கின் முடிவில் தந்தைக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது.

இவ்வரலாற்றை அறிந்தபின் அப்பாடலைக் கேட்கும் இரசிகர், 'பட்ட அடியெல்லாம் இசையாக மலர்ந்திருக்கிறது' என்று உருகுகிறார். இங்குதான் நாம் மறுக்கிறோம். அத்தொகுப்பை உருவாக்கியது அடியன்று, உழைப்பு. மார்வின் பாடிய இரு வேறு ஒலிப்பதிவுகள் ஒருமுறை தற்செயலாகச் சேர்ந்தொலித்தன; அது பிழை என்று தள்ளாமல், தம் குரலுக்குத் தாமே மறுகுரல் கொடுக்கும் உத்தியாக அவர் அதை ஏற்றுக்கொண்டார். சபையின் குரலும் மறுகுரலும் அங்கு ஒரே மனிதரின் நெஞ்சுக்குள் ஒலிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கித்தார் அடியாழத்தில் தனிப்பாடலாகவே ஓடுகிறது. டேவிட் வான் டி பிட் அமைத்த வயலின்கள் அதன்மேல் மெல்லப் படர்கின்றன. மோட்டவுன் பாடல்களுக்குப் பல்லாண்டுகள் பெயரின்றி வாசித்த கலைஞர்களின் பெயர்கள் இத்தொகுப்பின் உறையில்தான் முதன்முதலாக அச்சேறின. இத்தனை பேரின் தேர்ச்சியை மறைத்துவிட்டுத் தந்தையின் பிரம்புக்குப் பெருமை சேர்ப்பது என்ன நீதி?

அந்த அடி உண்மையில் எதைப் பெற்றெடுத்தது? தீராத அச்சத்தை, கொக்கேன் என்னும் போதைக்கு அடிமையான இறுதி ஆண்டுகளை. மார்வினின் இரண்டாம் மனைவி ஜானிஸ் 2015-இல் எழுதிய நினைவு நூல், கணவரிடம் தாம் அனுபவித்த கொடுமைகளையும் மறைக்காமல் சொல்கிறது. அடிபட்ட மகன் அன்பு செய்யவும் அஞ்சினார். அந்த அச்சம் இன்னொருவருக்குக் காயமாயிற்று. இதுவும் அந்தப் பிரம்பின் விளைவே.

துன்பம் கலையைத் தரும் என்போர் ஃபுளோரன்ஸ் பல்லார்டை நினைத்துப் பார்க்கட்டும். டெட்ராய்ட்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த அவர், சுப்ரீம்ஸ் என்னும் புகழ்பெற்ற பெண்கள் குழு உருவாக முன்னின்றவர். பதின்பருவத்தில் வன்புணர்வுக்கு ஆளானவர். அக்குழு அமெரிக்காவில் முதலிடம் பெற்ற 12 பாடல்களுள் 10 பாடல்கள், அவர் குழுவிலிருந்த காலத்தவை. 1967-இல் அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். தனியே பாடிய பாடல்கள் எடுபடவில்லை, வீடு பறிபோயிற்று, அரசின் உதவித்தொகையை நம்பி வாழும் நிலை வந்தது. 1976-இல், 32-ஆம் வயதில், மாரடைப்பால் இறந்தார். அவருடைய துன்பத்திற்கும் அளவில்லை. அதிலிருந்து எந்தக் காவியமும் பிறக்கவில்லை; அது ஒரு நல்ல குரலை அடைத்தது, அவ்வளவே. முத்தாகாமல் அழிந்த சிப்பிகளை எவரும் எண்ணுவதில்லை.

அதே 1976-ஆம் ஆண்டு ஜூலையில் டீனா டர்னர், தம்மை ஆண்டுக்கணக்கில் அடித்துத் துன்புறுத்திய கணவர் ஐக் டர்னரை விட்டு, டல்லஸ் நகரின் விடுதியொன்றிலிருந்து தப்பி ஓடினார். கையிலிருந்தவை 36 சென்ட்டும் ஒரு பெட்ரோல் நிறுவனத்தின் கடன் அட்டையும் மட்டுமே. 'டீனா' என்னும் மேடைப்பெயரும் கணவர் இட்டதே. 1978-இல் மணமுறிவு நிறைவேறியபோது சொத்துகளைப் பெரிதும் விட்டுக்கொடுத்து, அந்தப் பெயரைத் தமக்கென்று தக்கவைத்துக்கொண்டார். மார்வின் இறந்த 1984-ஆம் ஆண்டிலேயே, 44 வயதில், 'பிரைவேட் டான்சர்' தொகுப்பின் வழியாக உலகப் புகழ் பெற்றார். அடி நின்றபின் அவருடைய கலை வாடவில்லை, விரிந்தது. டென்னசி மாநிலத்தின் நட்புஷ் என்னும் சிற்றூர்ப் பாப்டிஸ்து ஆலயத்தில் சிறுமியாய்ப் பாடியபோதே அக்குரல் அவரிடம் இருந்தது. எந்தக் கணவரும் அதை அடித்து உண்டாக்கவில்லை. 2023-இல், 83-ஆம் வயதில், அன்பான துணைவருடன் அமைதியாக வாழ்ந்த சுவிட்சர்லாந்து இல்லத்தில் அவர் காலமானார்.

அப்படியானால் சோல் இசையில் நாம் கேட்கும் வேதனை பொய்யா? இல்லை. திருப்பாடல்களுள் எத்தனையோ புலம்பல்களாக இருப்பதை நாம் அறிவோம். ஆனால் புலம்புகிறவர் துன்பத்திற்கு நன்றி கூறுவதில்லை. அது நீங்க வேண்டுமென்றே கதறுகிறார். அக்கதறலை இனிமை என்று சுவைத்து, 'இன்னும் பாடு' என்பது இரசனையின் பெயரால் நிகழும் கொடுமை. சிலுவையை வணங்கும் நாம் ஆணி அறைந்த கரத்தைப் போற்றுவதில்லை அல்லவா?

துன்பமே கலையின் தாய் என்னும் கூற்று ஏன் இத்தனை இனிக்கிறது என்பது இப்போது விளங்குகிறது. அது எல்லாரையும் விடுவித்துவிடுகிறது: அடித்த தந்தையை, கைவிட்ட நிறுவனத்தை, கைதட்டிவிட்டு வீடு திரும்பிய நம்மை. பாட்டுக் கிடைத்துவிட்டதே, பாடியவருக்கு என்ன நேர்ந்தால் என்ன என்று கேட்கும் மனத்தை அது நம்முள் வளர்க்கிறது.

மார்வினின் தந்தை தம் கண்டிப்பை இறைப்பணி என்றே கருதினார். அதனால் இது ஆலயத்திற்கு வெளியே நிற்கும் கதையன்று. ஞாயிறு திருப்பலியில் இனிய குரலால் நம்மை உருக்கும் சிறுவனை நாம் பாராட்டுகிறோம். வீட்டில் அவன் எப்படி நடத்தப்படுகிறான் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

'வாட்ஸ் கோயிங் ஆன்' என்றால் 'என்ன நடக்கிறது' என்று பொருள். அந்தக் கேள்வியை மார்வின் உலகத்தை நோக்கிக் கேட்டார். அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க எவரும் இருக்கவில்லை. இனி அப்பாடலைக் கேட்கும்போது, தந்தையை அவர் அழைக்கும் இடத்தில் இசையின் அழகை மட்டும் கேளாதிருப்போமாக. அது ஒரு மகனின் விண்ணப்பம். விடை பெறாமல் போன விண்ணப்பம்.