மலீனாவின் சூயிங்கம்

ஹேட்டி மக்டேனியல் என்றால் 'கான் வித் தி விண்ட்' (1939) படத்தின் ஆயா மேமியோடு பேச்சை முடித்துவிடுகிறோம். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பர் என்று மெச்சுவதும் அதை வைத்துத்தான், வெள்ளைக்காரி வீட்டு விசுவாசி என்று ஏசுவதும் அதை வைத்துத்தான். அவர் நடிப்பை யாரய்யா பார்த்தது?

1935இல் வந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' பாருங்கள். பணக்காரப் பையன் விருந்துக்கு வருகிறான். இல்லாத வசதியைக் காட்ட, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் கூலிக்குப் பிடித்த வேலைக்காரி மலீனா. ஹேட்டிதான் மலீனா. ஒரே புழுக்கம்; அதிலும் சுடச்சுட சூப்பு. மலீனா வாயில் சூயிங்கம். அவர்கள் மாட்டிவிட்ட வெள்ளைத் தலையணி சரிந்து சரிந்து விழுகிறது. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. தட்டை நீட்டுகிற மெத்தனம் ஒண்ணே போதும், அந்தக் குடும்பத்தின் பவுசு மொத்தமும் கிழிஞ்சு தொங்குது. கறுப்புப் பொம்பளைன்னா சோம்பேறி, சிரிங்க என்றுதான் காட்சியை எழுதியிருக்கிறார்கள். அது அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் நாம் சிரிப்பது மலீனாவைப் பார்த்தா, மேஜையைச் சுற்றி வியர்த்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தா?

'இன் திஸ் அவர் லைஃப்' (1942) படத்திலும் வேலைக்காரிதான். வெள்ளைக்காரி ஒருத்தி காரேற்றிக் குழந்தையைக் கொன்றுவிட்டு, சட்டம் படிக்கிற இவள் மகன் மேல் பழியைப் போடுகிறாள். மகன் சொன்னதைப் போலீஸ் காதிலேயே வாங்கல என்பதை ஹேட்டி அழாமல், குரல் உயர்த்தாமல் சொல்கிறார். அன்றைய ஹாலிவுட்டில் இப்படியொரு காட்சி அபூர்வம். இதைப் பார்த்த பிறகும் ஸ்டூடியோக்காரன் நீட்டியது ஏப்ரனைத்தான்.

அதே 1942இல் கறுப்பர் உரிமைச் சங்கச் செயலாளர் வால்டர் ஒயிட், இந்த வேலைக்கார வேஷங்களை மாற்றச் சொல்லி ஹாலிவுட்டோடு பேசினார். கோரிக்கை நியாயமானது. ஆனா முதலாளி மேல் விழவேண்டிய ஏச்சில் பாதி இந்த அம்மா தலையில் விழுந்தது. அடிமைகளாயிருந்த தாய் தகப்பனுக்கு 1893இல் பிறந்த பெண். 1940இல் ஆஸ்கர் வாங்கிய இரவிலும் படக்குழுவோடு உட்கார வைக்காமல் தனி மேஜை போட்டார்கள். 1952இல் செத்தபோது, அவர் ஆசைப்பட்ட ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் இடமில்லை என்றது. அது வெள்ளையருக்கு மட்டும்.

நடித்தது 300 படத்துக்கு மேல் என்கிறார்கள். பெயர் போட்டது 80 சொச்சத்தில். மற்ற படங்களில் கதவைத் திறந்து, தட்டை வைத்துவிட்டுப் போகிறவள் முகத்தை நாமாகத்தான் கவனித்து அடையாளம் காண வேண்டியிருக்கிறது.