சான் டெனிச் செம்மணிகளும் நம் முடிபுகளும்

பாரிசை அடுத்த சான் டெனிப் பேராலயக் கல்லறைகளில் கிடைத்த மெரோவிஞ்சிய அணிகலன்களிற் பதித்த செம்மணிகள் கார்னெட் வகையின. அவை எந்நிலத்தன என்பதை நிறங்கொண்டு துணிதல் இயலாது. லூவர் அருங்காட்சியகத் துகள்முடுக்கியில், கல்லுக்கு ஊறின்றி, இரும்பு, மக்னீசியம், கால்சியம், குரோமியம் ஆகியவற்றின் அளவு காணப்பட்டது. முற்பட்ட மணிகள் பெரும்பாலும் இந்தியாவையும் இலங்கையையும் சுட்டின. 7ஆம் நூற்றாண்டிற் பொகீமியக் கற்கள் மிகுந்தன.

இம்முடிபிலிருந்து தமிழ் வணிகரைக் கண்டுவிடும் விரைவு நமக்கு இயல்பே. ஆயினும் அது சான்றன்று. வேதியியல் கல்லின் பிறப்பிடத்தையே, அதுவும் ஒப்பிட்ட மாதிரிகளின் எல்லைக்குட்பட்டே, உணர்த்தும். கைம்மாற்றியவர் எவரென உணர்த்தாது. அரிக்கமேடு, கொடுமணல் ஆகிய இடங்களின் கார்னெட் மணிகளை இதே தனிமங்களுக்காக அளந்து, சான் டெனி அளவுகளுடன் அருகருகே வைத்தபின்னரே வணிகவழி குறித்த நம் வாதம் தொடங்கத்தகும்.