டைலரின் பண்பாட்டுக் கொள்கை: வரையறையும் ஏணியும்

மத்தியூ ஆர்னால்ட் 1869இல் ‘பண்பாடும் ஒழுங்கின்மையும்’ எனும் நூலை எழுதியபோது, பண்பாடு என்பது கற்றோர் முயன்று அடையும் அகச் செம்மையையே குறித்தது. இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1871இல், எட்வர்ட் பர்னெட் டைலர் ‘தொல்பண்பாடு’ எனும் நூலின் வாயிலாக அச்சொல்லை விரித்தார். சமயமும் சட்டமும் கலையும் வழக்காறும் ஒன்றாய் இணைந்த முழுமையே பண்பாடு என்றும், மனிதன் அதனைக் குருதியால் அன்றிச் சமூகத்தாலேயே பெறுகிறான் என்றும் அவர் வகுத்தார். பண்பாடற்ற மக்கள் எவருமிலர் என்பதே இதன் உட்பொருளாகும். இனங்களிடையே பிறவி வேற்றுமை கற்பித்தோர் மலிந்திருந்த காலத்தில் இஃது அரிய துணிவே எனலாம்.

ஆயினும், அந்நூலுக்கு மற்றொரு முகமும் உண்டு. அனைவருக்கும் பண்பாட்டை வழங்கிய டைலர், அதனைச் சம அளவில் வழங்கவில்லை. காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்ற ஏணியை நிறுத்தி, அதன் உச்சியில் ஐரோப்பாவை அமர்த்தினார். 1877இல் ‘பண்டைய சமுதாயம்’ எனும் நூலை எழுதிய லூயிஸ் ஹென்றி மார்கன், கீழ்நிலைகள் இரண்டையும் மும்மூன்று படிகளாகப் பகுத்தார். வில்லும் அம்புமே அவர் மேற்படிக்குக் கொண்ட அடையாளம். அதனால், பெருங்கடலைக் கடந்து தீவுதோறும் குடியேறிய பொலினேசியரில் பெரும்பகுதியினர் காட்டுமிராண்டி நிலையின் நடுப்படியில் நிறுத்தப்பட்டனர். அளவுகோலின் குறை மக்களின் குறையாக எழுதப்பட்டது.

டைலரின் ‘எச்சங்கள்’ எனும் கருத்தும் இத்தகையதே. இன்று வாழும் மனிதரின் வழக்கம் அவர்களுக்கு என்ன பொருள் தருகிறது என வினவாது, இறந்த காலத்தின் மிச்சம் என அஃது ஒதுக்கப்படுகிறது. அத்தகைய மிச்சங்களுள் தீங்கானவற்றை இனங்கண்டு களைதல் தம் துறையின் பணி என்றே அவர் நூலை முடிக்கிறார். குவேக்கர் குடும்பத்திற் பிறந்த அவர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவரல்லர். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நிலவிய சமயத் தடைகளைச் சட்டம் நீக்கியதும் அதே 1871இல்தான். நம்பிக்கையின் பெயரால் விலக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவரே பிறர் நம்பிக்கைகளுக்குப் படிவரிசை வகுத்தார் என்பது சிந்தனைக்குரியது.

இவ்வேணியை அசைத்தவர் ஃபிரான்ஸ் போவாஸ். வாஷிங்டனின் தேசிய அருங்காட்சியகம் பல இனத்தாரின் கருவிகளை வகைவாரியாக அடுக்கியதை அவர் 1887இல் மறுத்தார். தோற்றத்தில் ஒத்த கிலுகிலுப்பைகளுள் ஒன்று சடங்குக்குரியதாகவும் மற்றொன்று வெறும் ஒலிக்கருவியாகவும் இருக்கக்கூடும். உரிய மக்களின் வாழ்விலிருந்து பிரித்தால் அதன் பொருள் மறைந்துவிடும் என்பது அவர் வாதம். 1896இல் ஒப்பீட்டு முறையின் எல்லைகளை அவர் மேலும் விளக்கினார். ஒருமையில் வழங்கிய ‘பண்பாடு’, அவர் வழிவந்தோரிடம் ‘பண்பாடுகள்’ எனப் பன்மையாயிற்று.

எனவே, டைலரை முற்றாகத் தள்ளுவதும் முற்றாக ஏற்பதும் நேரிய மதிப்பீடாகா. பண்பாடு கற்றுப் பெறப்படுவது என்ற அவரது அடிப்படையின்றிப் போவாஸின் மறுப்பும் நிலைத்திராது. வரையறையைப் போற்றும் நாம், ஏணியைக் கைவிட்டோமா என்பதே வினா. ‘பின்தங்கிய சமூகம்’ என ஒரு மக்களைச் சுட்டுமுன், எந்த அளவுகோலால், யார் வகுத்த படியில் என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமையாகும்.